கிழங்கின் தலை

பொன்முடியிலிருந்து இறங்கும் பஸ்ஸில், சாக்கில் கட்டிய பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு அம்மா மறுபடியும் சொன்னாள்.

"ரெண்டு நாளைக்குத்தான், கேட்டியா அஜிதா. அப்புறம் நான் வேற எடம் பாத்துக்கிடுவேன்."

வேறு இடம் எங்கே இருக்கிறது? தேயிலைத் தோட்டத்தை மூடி, தொழிலாளர் லயத்து அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான் இருப்பதோ வேலை பார்க்கிற தம்பானூர் லாட்ஜில், வேலைக்காரப் பெண்கள் நாலு பேர் முடங்கும் அறையில். மிச்சம் அக்கா பிரேமாவின் வீடுதான். அங்கே போவது அம்மாவுக்கு வேப்பங்காய். அக்கா கட்டியது காணிக்காரர் வீட்டுப் பிள்ளையை. மலையடிவாரக் காட்டில் தேன் எடுத்து, கிழங்கு தோண்டிப் பிழைக்கிற குடும்பம். 'காட்டுல அலையிறவனுக்குக் குடும்பம் எதுக்கு' என்று பிரஜின் அத்தானின் முகத்துக்கு நேராகவே கேட்டவள் அம்மா. அவருடைய பாட்டன் பூட்டனெல்லாம் அந்தக் காட்டைவிட்டு நகர்ந்ததே இல்லை. நாங்கள்தான் பஞ்சம் பிழைக்க மலையேறி, மானேஜர் காட்டிய அறையில் ஒண்டியவர்கள். இதைச் சொன்னால் அம்மா என்னை அடிப்பாள்.

அத்தான் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். சாக்கை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், காட்டோரத்தில், சமையலுக்குக் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டினார். கிழங்கை வெட்டி எடுத்தவர், கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மட்டும் குழியோரம் தனியாக வைத்தார்.

"அத ஏன் விட்டுட்ட?" என்றாள் அம்மா. வந்ததிலிருந்து அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"தலை மண்ணுக்கு உள்ளதாக்கும் மாமி. திரும்ப வச்சா திரும்பவும் விளையும். நீங்க வைக்கியளா?"

அம்மா விழித்தாள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள், தனக்கென்று ஒரு செடி நட்டதில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை நாள் அவரை ஏளனம் பேசினாளே, பறித்தே காலம் தள்ளியது யாராம்?

மெல்லக் குந்தி, அதைக் குழியில் இறக்கினாள்.

"எப்பக் கெழங்கு வைக்கும்?"

"அடுத்த வருஷம்."

அடுப்படி வாசலில் அக்கா அசையாமல் நின்றாள். அம்மா மண்ணைத் தள்ளி மூடினாள்.

"பன்னி வந்து தோண்டிராதா?"

"பாத்துக்கிட ஆளிருந்தா தோண்டாது மாமி."

இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொடியைச் சுற்றி வைக்கக் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.