சின்ன எழுத்தில் தற்காலிகம்

எங்கள் பாய்லர் கூடத்தின் இரும்புப் படிகளில் யாராவது தடதடவென்று ஏறி வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். எங்கேயோ குழாய் வெடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேன்டீன் ஜிலிகா அக்காவுக்கு ஏதோ சேதி கிடைத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் கோடை மாதம், வீடுகளைச் சூடேற்றும் குழாயில் தண்ணீரே ஓடாது. அதனால் கருவிப் பலகையை விட்டு எழுந்திருக்காமலே தலையை மட்டும் திருப்பினேன்.

"சுயின்ஷி, மைரா!" என்று மூச்சிரைக்க வாசலில் நின்றாள் அக்கா.

நல்ல சேதியை முதலில் கொண்டு வருபவர் அந்த வார்த்தையைச் சொல்லிப் பரிசு கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பதில்தான். யோசித்து வருவதில்லை, தும்மல் மாதிரி தானாக வந்துவிடும். "வேண்டியதை எடுத்துக்கோங்கக்கா" என்றேன். என்ன சேதி என்று கேட்பதற்குள் என் கழுத்தில் இருந்த நீலப் பட்டு ஸ்கார்ஃப் அவள் கழுத்துக்குப் போய்விட்டது. என் கணவன் எர்போல் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது, நாலு தடவைகூடக் கட்டவில்லை. அப்புறம்தான் அக்கா சேதியைச் சொன்னாள். பாய்லர் கூடத்துக்கு என்னைத் தலைவராகப் போடுகிறார்களாம், கஜெக்கே உடனே வரச் சொல்கிறாராம்.

ஸ்கார்ஃப் என்ன, கேட்டிருந்தால் காலில் கிடந்த பூட்ஸையும் கழற்றிக் கொடுத்திருப்பேன். பதினாறு வருடமாக அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பாய்லரில் எது எப்போது முனகும், எது எதற்கு முறைத்துக்கொள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பதினாறு வருடத்தில் மூன்று தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். மூன்று பேரும் ரகசியமாக என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேலே போய்த் தங்கள் யோசனை மாதிரி சொன்னார்கள். கதவில் பெயர்தான் மாறியது, பதில் சொன்ன ஆள் மாறவில்லை. அந்தக் கதவில் என் பெயர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கஜெக்கே என்பது எங்கள் இயக்குநர் கஜிமுராத்தை எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுவது. ஊருக்கே வெந்நீர் அனுப்பிச் சூடேற்றும் நிறுவனம் மொத்தமும் அவர் கையில். பால் ஊற்றிய டீயை என் பக்கம் தள்ளிவிட்டு, காகிதத்தையும் தள்ளினார். 'பாய்லர் கூடத் தற்காலிகத் தலைவர்' என்று இருந்தது. சம்பளம் பழைய சம்பளமே. குளிர்காலச் சூடு நல்லபடியாகத் தொடங்கட்டும், ஊர் வீடுகளில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரெல்லாம் சுடட்டும், அப்போது 'தற்காலிகம்' போகும், சம்பளம் ஏறும், இரண்டும் ஒரே ஃபைலில்தான் நிதிப் பிரிவுக்குப் போயிருக்கிறது என்றார். வேண்டுமானால் வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல் என்றும் சொன்னார். டீ ஆறுவதற்குள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி ஆகஸ்ட் ஒன்பது. வெளியே வந்து நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், இரண்டு தடவை குதித்தேன்.

எர்போல் டாக்ஸி ஓட்டுபவன். சேதியைச் சொன்னதும் கட்டிக்கொண்டான், அடுத்த நிமிடமே எவ்வளவு என்று கேட்டான். பழையதுதான், ரேடியேட்டர் சூடானதும் ஏறும் என்றேன்.

"சேணம் கட்டியாச்சு. தீனி எங்கடி?"

"வரும்."

"சாகாதே கழுதை, வசந்தம் வரும், புல்லு முளைக்கும்னு சொல்லிச் சொல்லியே ஓட்டுவாங்க. கஜெக்கே வாயில புல்லு ஒரு மலை அளவு வளரும்" என்று சிரித்தான்.

அவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் பதவி வந்த வீடு கல்யாண வீடு மாதிரி. 'விருந்து வைத்துக் கழுவாத பதவி நிற்காது' என்று ஷிஃப்டில் உள்ள அத்தனை பேரும் விருந்து கேட்டார்கள். ஜனவரிக்கு என்று கட்டி வைத்திருந்த குதிரை இறைச்சித் தொத்திறைச்சி செப்டம்பரிலேயே தட்டுக்கு வந்துவிட்டது. அது போதாதென்று, என் சேதியை எனக்கே சொல்லி சுயின்ஷி கேட்கும் கூட்டம் வேறு. நாத்தனார் தொலைபேசியில் சொல்லி ராஸ்பெரி ஜாம் மூன்று பாட்டில் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரன் படிக்கட்டில் வழி மறித்து என் டார்ச் லைட்டைக் கொண்டு போனான். வாயைக் கட்ட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், ஒவ்வொரு தடவையும் "வேண்டியதை எடுத்துக்கோ" என்று வந்துவிடும். சம்பளம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் பாதி காலி.

கதவில் பெயரை நானே கணினியில் அடித்து ஒட்டினேன். 'தற்காலிகம்' என்ற வார்த்தையை மறந்துவிட்டேன். சரி, மறக்கவில்லை, விட்டுவிட்டேன். ஒரு நாள் கஜெக்கே வந்தவர் அதைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை குறைகிறதே என்றார். அன்று சாயங்காலமே வேறு காகிதம் ஒட்டினேன். 'தற்காலிகம்' இருந்தது, ஆனால் எறும்பு அளவு எழுத்தில். பழுது பார்க்க வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதவருகே குனிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். மூன்று பேர் வந்து போன நாற்காலிதான், அவர்கள் ஒருவருக்கும் அந்த வார்த்தை ஒட்டவில்லை. எனக்கு மட்டும் ஏன் என்று கோபம் வரும். கோபம் வந்தால் வால்வுகளை எண்ணெய் போட்டுத் துடைப்பேன். அந்த வருடம் எங்கள் வால்வுகள் பளபளத்தன.

அக்டோபர் இரண்டாவது வாரம் பனித்தூறல் விழுந்தது. சூட்டைத் திறக்க உத்தரவு வந்தது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் இதே கூத்துதான். பாய்லருக்குப் பக்கத்து அடுக்கு மாடிகளில் முதல் நாளே ஜன்னலைத் திறந்து போட்டு விசிறிக்கொள்வார்கள். ஊர்க் கடைசியில், மேட்டின்மேல் இருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்தில் நாலு நாளைக்குக் கோட்டோடு தூங்குவார்கள். அந்தக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில்தான் கஜெக்கேயின் வீடு. பந்தியில் முதல் வரிசைக்காரன் மூன்றாவது தடவை கேட்டுச் சாப்பிடும்போது கடைசி ஆளுக்கு இலையே விழாத கதை. பக்கத்துக் கட்டடங்களின் வால்வை நெருக்கிப் பிடித்து, தண்ணீரை முதலில் கோடிக்கு அனுப்ப வேண்டும் என்று மூன்று தலைவர்களிடமும் சொன்னேன். என்னிடம் கேட்டதிலேயே அவர்கள் மேலே கொண்டு போகாத யோசனை அது ஒன்றுதான். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் கத்துவார்கள் என்று பயம்.

இந்தத் தடவை நானே அப்படிச் செய்தேன். கத்தத்தான் செய்தார்கள். ஞாயிறு முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. ஒரு நாள் பொறுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். மேடு ஏறுவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டால் கோடியிலும் சூடு இருக்காது, கிட்டத்திலும் இருக்காது. அப்புறம் கதவில் அந்தச் சின்ன எழுத்து மட்டும் இருக்கும், என் பெயர் போய்விடும். இரண்டும் தெரிந்துதான் திறந்தேன். பயமாகவும் இருந்தது, ரொம்ப சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நானே அந்தக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஒன்பது மாடியும் நடந்தேன். கஜெக்கேயின் மனைவி ரௌஷான் அக்கா ரோமக் கோட்டோடு கதவைத் திறந்தாள். ரேடியேட்டர் பிணம் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அதன் மூலையில் இருந்த காற்றுத் திருகை நெகிழ்த்தினேன். உஸ்ஸென்று சீறியது. சீறிக்கொண்டே இருந்தது. பிறகு கறுப்புத் தண்ணீரை என் கையெல்லாம் துப்பியது. அடியில் குபுகுபுவென்று ஒரு சத்தம். உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுட்டது.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஞாபகம் வந்தது. சுயின்ஷி முதலில் சொன்னவருக்குத்தான்.

"மூணு வருஷமா அவர்கிட்ட ஒரு மிங்க் ரோமத் தொப்பி கேட்டுட்டு இருக்கேன், மைரா" என்று சொல்லிக்கொண்டே அக்கா சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். அவளுடைய தொலைபேசி அங்கே மேசைமேல் இருந்தது. என்னுடையது பையில்தான், ஆனால் கரி ஈரத்தில் விரலை அது மதிக்கவே இல்லை. கையைக் கால்சட்டையில் துடைத்தேன், திரையைக் கன்னத்தில் துடைத்தேன். அக்காவின் செருப்பு தரையில் சறுக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் என் அழைப்பு போய், கஜெக்கேயின் அறையில் மணி அடித்துவிட்டது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கஜெக்கேயின் அறையில் இருப்பார்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சுயின்ஷி, கஜெக்கே!" என்றேன்.

"வேண்டியதை எடுத்துக்கோ!" அவருக்கும் தும்மல்தானே.

"உங்க வீட்டு ரேடியேட்டர்ல கை வைக்க முடியலை. ரௌஷான் அக்கா கோட்டைக் கழட்டிட்டாங்க."

அறையில் கைதட்டினார்கள். முதல் தடவையாக முதல் நாளே என்று யாரோ சொன்னது கேட்டது. கஜெக்கே குரல் குழைந்திருந்தது. சரி, என்ன வேணும் கேளு என்றார். ஒரு சாக்லேட் டப்பாவை நினைத்திருப்பார்.

"தற்காலிகம்ங்கிற வார்த்தை போகணும். சம்பளம் ஏறணும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியிலேர்ந்து."

கைதட்டல் நின்றது.

"அக்டோபர்லேர்ந்து போடறேன்" என்றார் கஜெக்கே. "ஆகஸ்ட்ல நான் என்ன குளிர்லயா நடுங்கிட்டு இருந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று சொல்ல வாய் போனது. பதினாறு வருடம் சரி சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

"வேண்டியதைன்னுதான் சொன்னீங்க. பாதியைன்னு சொல்லலையே, கஜெக்கே."

அப்போது கூட்டத்துக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த ஜிலிகா அக்காவின் குரல் நிதானமாகக் கேட்டது. "இங்க எல்லார் காதுலயும் விழுந்துச்சு. நீங்க டீயைக் குடிங்க, ஆறுது."

கஜெக்கே கனைத்துக்கொண்டு ஃபைலை எடுத்து வரச் சொன்னார். இரண்டு மாதமாக எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்று நிதிப் பிரிவு சொல்லிவந்த ஃபைல், நாலு நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ரௌஷான் அக்கா பெருமூச்சு விட்டாள். "தொப்பி போச்சு. பரவாயில்ல போ. இருபத்தெட்டு வருஷத்துல அந்த மனுஷன்கிட்ட நான் ஒரு தடவைகூட சாட்சி வெச்சு வாங்கினதில்ல" என்று சொல்லி எனக்குக் கை துடைக்கத் துண்டு கொடுத்தாள்.

மத்தியானம் இரும்புப் படிகள் தடதடத்தன. ஜிலிகா அக்கா என் நீல ஸ்கார்ஃபோடு, கையில் உத்தரவுக் காகிதத்தோடு நின்றாள். சுயின்ஷி என்றாள். சேதி எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் வேண்டியதை எடுத்துக்கோங்கக்கா என்றேன், இந்தத் தடவை மனதாரச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். எடுக்க என்ன மிச்சம் என்று யோசித்திருப்பாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, அங்கே எறும்பு எழுத்தோடு ஒட்டியிருந்த பெயரை மூலையோடு பிய்த்து, நாலாக மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, உத்தரவை என்னிடம் நீட்டினாள்.

எர்போலைக் கூப்பிட்டேன். அவன் ஏதோ சவாரியில் இருந்தான். தீனி வந்தாச்சு என்று சொன்னேன், வார்த்தை போய்விட்டது, ஆகஸ்டிலிருந்தே தலைவர் என்று எழுதிவிட்டார்கள், கொஞ்சம் இரு படிக்கிறேன் என்று இரண்டு தடவை படித்துக் காட்டினேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன் என்றான்.

"எவ்வளவு ஏத்தியிருக்காங்க?" என்றான் பிறகு.

காகிதத்தை மறுபடி பிரித்தேன். என் பெயரையும் அதற்குப் பக்கத்தில் இருந்த பதவியையும்தான் அதுவரை படித்திருந்தேன். தொகை எழுதிய வரி இன்னும் கீழே இருந்தது.