கலவாமீன் வீட்டுக்கு வழி

ரெனிஷா நெய்யூர்ப் பக்கத்துப் பொண்ணு. இனயம் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருஷம். கவிதை எழுதுவாள், நல்லாவே எழுதுவாள். அவள் செய்த தப்பைக் கடற்கரையிலே பிறந்தவள் செய்திருக்க மாட்டாள். அதுக்காக அவளைக் குறைவா நினைச்சிராதீங்க மக்களே.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கருங்கல் ஊரிலே அவளுடைய கவிதைப் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. எல்லாம் முடிஞ்ச பிறகு, "உங்க கரையில பாடுற பாட்டு ஒண்ணு பாடுங்க" என்று யாரோ கேட்டார்கள். அவள் மாமியார் மீன் கழுவும்போது முணுமுணுக்கும் பாட்டு ஒன்று நினைவிலே இருந்தது. "இது ஒரு காதல் பாட்டு" என்று சொல்லிவிட்டுப் பாடினாள்.

மலைமூக்குக்கு நேரே கோயில்முடி நிக்கணும்,
ரெட்டைப் பனை ரெண்டும் ஒத்தையாத் தெரியணும்,
அங்கே கல்லை இறக்கு என் ராசா,
அடியிலே கலவா வீடு கட்டியிருக்கு.

எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலே இருந்த இனயத்துக்காரர் தங்கையன் மட்டும் கைதட்டவில்லை. பெரிய எஞ்சின் வள்ளமும், கடலடியை அரித்து இழுக்கும் இழுவலையும் வைத்திருக்கிறவர். அவர் போனிலே எழுதிக்கொண்டிருந்தார்.

"மக்கா, பனை ரெண்டா மூணா?" என்று கேட்டார்.

காதல் பாட்டுக்குப் பனைக் கணக்கு எதுக்கு?

ரெனிஷா வீட்டுக்கு வந்து மாமனார் சூசைமரியானிடம் சொன்னாள். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"ஏட்டி, அது காதலும் இல்ல கத்தரிக்காயும் இல்ல. நம்ம பாருக்கு வழி."

கடலுக்கடியிலே மீன் அடையும் பாறையைத்தான் பார் என்பார்கள். கரையிலே நாலு அடையாளம் பாட்டிலே சொன்னபடி நேர்பட்டால், கடலிலே அந்த ஒரு இடம். அந்தக் குடும்பம் நாலு தலைமுறையாக அங்கே தூண்டில் போட்டுத்தான் சாப்பிட்டது. ஜிபிஎஸ் இருக்கே என்பீங்க. அது ஒருதரம் போன இடத்துக்குத்தான் திரும்பக் கூட்டிப்போகும். போகாத இடம் அதுக்கென்ன தெரியும்?

"திங்கக்கிழமை விடியும்போ தங்கையன் அங்க நிப்பான். ஒரு இழுப்பு இழுத்தான்னா குஞ்சும் மிஞ்சாது" என்றார் மாமனார்.

மறுநாள் ஞாயிறு. அன்றைக்குக் கரையிலே யாரும் கடலுக்குப் போவதில்லை. ரெனிஷாவுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

காலையிலே மாமனார் முன்னால் போய் நின்றாள். "மாமா, அவருக்கு மட்டும் தெரிஞ்சா அது அவரு வலைக்குப் போயிரும். எல்லாருக்கும் தெரிஞ்சா? இருபது வள்ளம் நங்கூரக் கல்லை இறக்கித் தூண்டில் போட்டு நிக்கிற இடத்துல எவன் வலை இழுப்பான்?"

"நம்ம சோத்தை ஊருக்கு வெளம்பச் சொல்லுதியா?"

"சட்டியோட போகப்போகுது மாமா. வெளம்பினா நமக்கும் ஒரு வாய் கிடைக்கும்."

கிழவர் சட்டைப் பொத்தானை ரொம்ப நேரம் போட்டார். "பாடு. தெளிவாப் பாடு. அரைகுறையாக் கேட்டுட்டு எவனாவது பனையைத் தேடிக் கொச்சிக்குப் போயிரப் போறான்."

பூசை முடிந்து கோயில் முற்றம் நிறைய ஆள். ரெனிஷா படியிலே ஏறி நின்று பாடினாள். நாலு வரி முடிந்ததும், ராத்திரி தானே கட்டிய இரண்டு வரியையும் சேர்த்தாள்.

தூண்டில் ஒண்ணு போடு ராசா, வலையை விரிக்காதே,
குடியிருக்கும் வீட்டை யாரும் கூரையோட பிடுங்காதே.

தூண்டில்காரர்களுக்குக் கேட்கவா வேணும்? மூன்றாம் தடவை முற்றமே சேர்ந்து பாடிற்று. "ஏலே தங்கையா, கடைசி ரெண்டு வரியையும் போன்ல ஏத்திக்கோ!" என்று ஒருவர் கத்த, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தங்கையனும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

திங்கட்கிழமை அந்தப் பாரைச் சுற்றிப் பதினேழு வள்ளம். வலை ஒன்றுகூட இறங்கவில்லை.

சூசைமரியான் மத்தியானம் கரையேறினார். கூடையிலே வழக்கத்தில் பாதிதான் மீன். ரெனிஷா கூடையை எட்டிப் பார்த்தாள்.

"பாதிதான்" என்றார் அவர். "பார் கிடக்கு. அது போதும்."

கை கழுவிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "இங்க பாரு, நமக்கு இன்னொரு பாட்டு உண்டுல்லா? இவ வீட்டுல இருக்கும்போ அதை மட்டும் வாயைத் திறந்து பாடிராத."