நாலு நிமிட விமானம்

தனநந்தி பம்ப்ஸ் முதலாளி தனபால் தன் கையாலேயே கட்டிய விமானம் நாலு நிமிடம் வரை தங்கமானது. ஐந்தாவது நிமிடம் சூடு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும், இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் தண்ணீர் கொதித்து மூடி வழியே பீய்ச்சும், மனுசன் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி ஓடுவார். இந்த லட்சணத்தில் பறந்தால் பல்லடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கலாம். அதற்கு டவுன் பஸ்ஸே போதும்.

நல்லவேளை, பறக்க அனுமதி டெல்லியிலிருந்து இன்னும் வரவில்லை. தரையில் ஓட்டிக் காட்ட யாரைக் கேட்க வேண்டும்? சொந்தக் காட்டில் அரை மைலுக்கு மண் பாதை போட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு ‘வானூர்தி வெள்ளோட்டம்’ என்று பத்திரிகை அடித்து, மாமன் மச்சான் பங்காளி பேரெல்லாம் வரிசையாகப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நடுவில் ஒரே ஒரு நாள்.

இன்ஜின், பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றிய ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் மேலும் கீழும் போகிற சங்கதி இதில் கிடையாது. உள்ளே முக்கோணமாக ஒன்று சுழலும். கனம் குறைவு, வேகம் ஜாஸ்தி, சூடு மட்டும் தாங்காது. ஒரு தடவை கைமீறிக் கொதித்தால் உள்ளே சீல் போய், நேராகக் காயலான் கடைதான். மூன்று தடவை மயிரிழையில் தப்பித்தாயிற்று. இன்னொரு இன்ஜினுக்குத் தனபால் எங்கே போவார்? அதைவிட, முப்பது வருசம் பம்ப் செய்தே பெரிய மனிதரான ஆளுக்குச் சொந்த இன்ஜினில் தண்ணீர் சுற்றவில்லை என்றால் பங்காளிகள் சும்மா விடுவார்களா? கருமாதி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்களே!

ஜப்பான்காரன் கொடுத்த பம்ப் இன்ஜினோடுதான் வந்தது. தனபால்தான் அதைக் கழற்றி வீசினார். “கோயமுத்தூர்ல பொறந்துபோட்டு ஜப்பான் பம்பா?” என்று தன் கம்பெனியின் ‘முல்லை’ மாடல் பம்பில் பேட்டரி மோட்டார் ஒன்றைக் கோத்து மாட்டினார். பம்பின் உடம்பிலேயே எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி வார்த்திருக்கும். அந்த அம்பைப் பார்த்து, அதன்படியே வயர் கொடுத்தார்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற சகலை தம்பிதுரை, “ரேடியேட்டர் பத்தாதுங்க” என்றார். கார் ரேடியேட்டர் போய் டிராக்டர் ரேடியேட்டர் வந்தது, அதுவும் போய் லாரி ரேடியேட்டர் வந்தது. விமானம் எடை கூடியதே ஒழிய, நாலு நிமிடம் நாலரை ஆகவில்லை. “ஏர் புடிச்சிருக்குமுங்க” என்றார் இன்னொருவர். வாலுக்கு அடியில் ஹாலோ பிளாக் அடுக்கி, மூக்கைத் தாழ்த்தி, ஒரு பகல் முழுக்கக் காற்றை எடுத்தார்கள். விமானம் காட்டைப் பார்த்துக் கும்பிடு போட்டு நின்றதுதான் மிச்சம். பம்பை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. ஃபோர்மேன் மருதாசலம் ஒருநாள், “மொதலாளி, இந்தப் பம்பு...” என்று ஆரம்பித்தார்.

“பம்புக்கு என்னப்பா?”

“ஒண்ணுமில்லீங்க. நெம்ப நல்லா இருக்குதுங்க” என்று முடித்துக்கொண்டார். முதலாளி முகம் கோணக் கூடாது. இன்ஜின் வெந்தால் வேகட்டும். நம்மூர் மரியாதை அப்படி!

வெள்ளிக்கிழமை நாலாவது தடவை முள் ஏறி, தனபால் அடித்துப் பிடித்து நிறுத்திய நேரத்தில்தான் கருப்பாத்தாள் வந்து சேர்ந்தாள். பல்லடத்துக்குத் தெற்கே நாலு ஏக்கர் வெங்காயக் காட்டுக்காரி. கையில் தனநந்தி கம்பெனியின் இரண்டு கடிதங்கள்.

“ஏனுங்க, ஆபீசுல கேட்டா இங்க இருக்கறீங்கன்னு சொன்னாங்க. முல்லை பம்பு விசயமா வந்தனுங்க.”

“ஞாயித்துக்கெழம முடியட்டும் அம்மணி. இங்க உசுரு போகுது!”

அவள் போகவில்லை. வேர்த்து ஒழுகுகிற முதலாளியையும் ஆவி கக்குகிற இன்ஜினையும் பார்த்தாள். கிட்டே வந்து குழாய்ப் பக்கம் கையை நீட்டிச் சூடு பார்த்தாள், பிறகு லாரி ரேடியேட்டரின் அடியில் உள்ளங்கையை வைத்தாள்.

“இக்கட்ட கொதிக்குது, அக்கட்ட பச்சத் தண்ணியாட்ட இருக்குதுங்க. தண்ணி போயே சேரலீங்களே. பம்பு எதிர்க்கச் சுத்துதுங்க.”

தனபாலுக்குச் சுருக்கென்றது. “அம்பு பாத்துத்தான் அம்மணி மாட்டியிருக்கறேன். யாருகிட்ட பேசறீங்கன்னு தெரியுதுங்களா?”

“நாங்களும் அம்பு பாத்துத்தானுங்க மாட்டுனோம்” என்று முதல் கடிதத்தை நீட்டினாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று இரண்டு வருசத்துக்கு முன் எழுதியதற்கு வந்த பதில். ‘எமது பம்பில் குறையில்லை. தங்கள் கிணற்றில் நீர் இல்லை. தனபால்.’ எல்லோருக்கும் அதே பதில்தான் போகும். கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தார்.

“உங்க பேச்சக் கேட்டு எழுநூறு அடி போர் போட்டமுங்க. தண்ணியில்லாம மண்ணுப் பொகதான் வந்துச்சு. அப்பறம் ஒருநா ஆத்தரத்துல நானே ரெண்டு வயர மாத்திக் குடுத்தனுங்க. தண்ணி கொட்டுச்சு பாருங்க, வாய்க்கா பத்தல! அத உங்களுக்கு எழுதினதுக்கு இதா, ரெண்டாவது காயிதம்.”

‘அம்புக்குறிக்கு எதிராக ஓட்டியதால் உத்தரவாதம் செல்லாது. தனபால்.’

தனபால் மருதாசலத்தைப் பார்த்தார். மருதாசலம் தரையைப் பார்த்தார்.

“ரெண்டு வருசத்துக்கு முன்ன பம்பு வார்க்கற மரப் பேட்டர்ன் ஒடஞ்சு புதுசு செஞ்சமுங்களே... அதுல அம்ப எதிர்க்கச் செதுக்கிப்போட்டாங்க. டெஸ்ட் பண்றப்ப நாங்க அம்பப் பாக்கறதில்லீங்க, பம்போட வளைவப் பாத்து ஓட்டிப்போடுவோம். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு...”

“ரெண்டு வருசமாவா!”

“நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதானுங்க.”

 இன்ஜின் ஆறட்டும் என்று தனபால் ஒரு மணி நேரம் விமானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு, “மாத்திப்போடுப்பா” என்றார், வேறு யாரோ சொல்வது போல.

இரண்டு வயர், இரண்டு நிமிட வேலை. இன்ஜின் ஓடியது. ஐந்தாவது நிமிடம் முள் பாதியில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அசையவில்லை! தனபால் கட்டுப்படுத்த முடியாமல் குதித்தார், மருதாசலத்தைக் கட்டிக்கொண்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அப்ப எங்களுக்கும் எழுதிக் குடுத்துருங்க. அம்பு தப்புன்னு ஒரு வரி போதுமுங்க” என்றாள் கருப்பாத்தாள்.

சந்தோசம் அப்படியே இறங்கியது. எழுநூறு பம்ப் அந்த அம்போடு போயிருக்கிறது. ஒரு வரி எழுதினால் முப்பது வருசப் பேர் என்ன ஆவது? “ஞாயித்துக்கெழம கழியட்டும் அம்மணி, பாக்கலாமுங்க. அதுவரைக்கும் இது நமக்குள்ளயே இருக்கட்டும்” என்று இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அவளும் குடித்துவிட்டு, “செரிங்க, ஞாயித்துக்கெழமயே வாரனுங்க” என்று போனாள்.

ஞாயிறு காலை பந்தல், மைக் செட், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். பங்காளிகள் நாலாவது நிமிடத்துக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விமானம் பாதையின் கடைசி வரை ஓடித் திரும்பியது. ஐந்து நிமிடம் ஆனது, ஆறு ஆனது. கூட்டம் கை தட்டியது. தனபாலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போதுதான் பந்தலுக்குப் பக்கத்தில் கருப்பாத்தாளைப் பார்த்தார். தனியாக இல்லை, முப்பது நாற்பது பேர். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு கடிதம். இறங்கப் போனவர் இறங்காமல் விமானத்தைத் திருப்பி மறு கோடிக்கு ஓட்டினார். அங்கேயும் ஒரு கூட்டம், கையில் அதே கடிதம். ஒருவர் கும்பிட்டு, “நீங்க மெதுவா வாங்க, நாங்க இருக்கறமுங்க” என்று கத்தினார்.

ஒருத்தரும் மறிக்கவில்லை, திட்டவில்லை. அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. தனபால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டினார். நாலு நிமிடத்தில் கொதித்து நிற்கிற பழைய விமானமாக இருந்தால் புகையோடு புகையாக நழுவி வீட்டுக்குப் போயிருக்கலாம். பாழாய்ப்போன முள் அசைவேனா என்றது. முக்கால் மணி நேரம் ஆகியும் இன்ஜின் பச்சைப்பிள்ளை போல ஓடியது. பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டே முடித்துவிட்டார்கள்.

கடைசியில் பெட்ரோல் தீர்ந்து, பந்தலுக்கு நேராக விமானத்தின் விசிறி நின்றது. மைக் செட்காரன் மைக்கை நீட்டினான். தனபால் இறங்கி, பங்காளிகளைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார், கடிதங்களைப் பார்த்தார். மைக்கை வாங்கினார்.

“உங்க கெணத்துல... தண்ணி இருக்குதுங்க” என்றார்.

“அது எங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்க” என்றாள் கருப்பாத்தாள், இரண்டாவது கடிதத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை நீட்டி. “எழுதிக் குடுங்க.”