தானாகத் திரும்பாது

இருபத்தேழு மணி நேரமாக, தி.நகர் ஜவுளிக்கடைக்கும் ராஜா அண்ணாமலைபுரம் கிடங்குக்கும் இடையிலான வயர்லெஸ் இணைப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சக்திவேல் அண்ணன் கேபிளையும் சேனலையும் மாற்றிவிட்டார். வேகம் ஏறவில்லை.

கடை முதலாளி, நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த மொட்டைமாடிக்கே வந்துவிட்டார்.

“தீபாவளி நேரத்துல பில் போட முடியல. இன்னிக்குள்ள சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன், சக்திவேல்.”

அவர் இறங்கியதும், “கிடங்கைப் பாத்து வச்ச டிஷ் ஆன்டெனா திரும்பியிருக்குமோ, அண்ணே?” என்றேன், அண்ணனின் உதவியாளான நான்.

“நானே குறி பாத்து முடுக்குனது. தானா திரும்புமா? இன்னா, பேய் வந்து திருப்புச்சா?”

அண்ணன் எரிச்சலோடு, சிக்னல் அனுப்பும் புது ரேடியோ கருவியின் பெட்டியைப் பிரித்தார். நான் பெட்டியின் மேல் கை வைத்துத் தடுத்தேன்.

“பேய் இல்ல, அண்ணே. நான்தான். நேத்து ஆயுத பூஜைக்கு நட்டைத் தளர்த்தி, டிஷ்ஷைத் திருப்பித் துடைச்சுப் பொட்டு வச்சேன்.”