தூசிக்குத் தெரியாத தாளம்

சுரங்கத்தின் அடியில் மூன்று தரம் மணியடித்தால், கூண்டில் ஆள் இருக்கிறது, மேலே தூக்கு என்று அர்த்தம். திலகசிரியும் நானும் கூண்டுக்குள் நின்று நாற்பது தடவையாவது மூன்று மூன்றாக அடித்துவிட்டோம். கூண்டு அசையவில்லை. பழைய குடைவை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது. மேலே ஒலிக்கிற மணியின் சுவிட்ச் பெட்டி பக்கத்துச் சுவரில் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதற்குள் தண்ணீர் போய்விட்டால் மணி எங்கள் கையில் இருக்காது.

மேலே கூண்டைத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற சிரினேரிஸ் ஏன் தூக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாய் திறக்கவில்லை. பென்சிலுக்குள் சாதுவாகக் கிடக்கிற காரீயம் எங்கள் சுரங்கத்தில் மாவாகப் பறக்கும், மின்சாரத்தையும் கடத்தும். பெட்டிக்குள் படிந்தால் யாரும் தொடாமலே மணி அடிக்கும். திங்கட்கிழமைதோறும் அதைத் துடைப்பது என் வேலை. மூன்று வாரமாகத் துடைக்கவில்லை. இன்று காலையில்கூட சிரினேரிஸ் கத்தினான்: "பியரத்ன, இனி உன் மணி அடிச்சா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்!"

"ஏணியில ஏறிப் போய்ச் சொல்லுடா," என்றான் திலகசிரி. வெள்ளத்தோடு வந்த மரம் அவன் காலை முறித்திருந்தது.

ஏறிப் பார்த்தேன். படியெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கும் காரீயம். சோப்புகூட இப்படி வழுக்காது. மூன்று தரம் ஏறியும் தண்ணீரிலேயே வந்து விழுந்தேன்.

"பெட்டியைத் துடைச்சியா?" என்று கேட்டான்.

"இல்ல மச்சான்."

அடிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"உன் சோம்பேறித்தனத்துக்கு என் பொண்டாட்டி வெள்ளை உடுத்தணுமா? தள்ளுடா!" சுவிட்சில் கை வைத்தான். "தூசி ஒண்ணு அடிக்கும், மூணு அடிக்கும். ரபான் அடிக்குமா?"

சிங்களப் புத்தாண்டுக்குப் பெண்கள் பெரிய ரபான் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து தட்டுவார்களே, அந்தத் தாளத்தை மணியில் அடித்தான். அவன் கை ஓய்ந்ததும் நான் அடித்தேன். தண்ணீர் பெட்டியின் அடியை நனைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தாளம் தப்பாமல் அடித்தேன்.

கூண்டு குலுங்கி ஏறத் தொடங்கியது.

மேலே சிரினேரிஸ் பேயறைந்தவன் மாதிரி நின்றான். மணியை நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்துணியைத் திணித்து வைத்திருந்தான். நாங்கள் அடித்த ஒன்றுகூட அவன் காதில் விழுந்திருக்காது.

அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த மனைவி எமலின் நோனாதான் பேசினாள். "சத்தம் எங்க கேட்டுச்சு? இவர் சாப்பிடட்டும்னு சும்மா உக்காந்திருந்தேன். மணியோட சின்னச் சுத்தியல் துணி மேல ஆடிக்கிட்டிருந்துச்சு. என் கை தானா முழங்கால்ல தட்ட ஆரம்பிச்சிட்டுது. 'இந்தாங்க, தூசிக்கு ரபான் யாரு சொல்லிக் குடுத்தா?'ன்னு இவரைக் கேட்டேன்."

சிரினேரிஸ் அந்தத் துணியை உருவினான்.

மணி விடாமல் அலறியது. கீழே தண்ணீர் பெட்டிக்குள் போயிருந்தது.