தனம் வைத்த அடை

குன்னத்தில் தனத்தைப் போல அடைக்கோழி பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆள் கிடையாது. இதை அவளேதான் சொல்லிக்கொள்வாள். இரண்டாயிரத்து இரண்டாம் வருசம் பங்குனியில் அவள் வீட்டில் மூன்று கோழிகள் ஒரே சமயத்தில் அடைக்குப் படுத்தன. எது நிலைத்து உட்காரும் என்று பார்க்க மக்காச்சோளக் குருணையைத் தூவினாள். தின்ன ஓடிய சிவப்பி திரும்பி வரவேயில்லை. புள்ளிக்கோழி கை பட்டதும் எழுந்துவிட்டது. கருப்பி மட்டும் வெறுங்கூடையில் இரண்டு நாள் அசையாமல் கிடந்து, வயிற்றுக்கடியில் கைவிட்டவளை ரத்தம் வரக் கொத்தியது. "இவதான்" என்றாள் தனம், விரலைச் சூப்பிக்கொண்டே.

இவ்வளவும் செய்தவளிடம் புருசன் சாமிதுரை என்ன சொன்னான் தெரியுமா? "அனுசுயாவைக் கூப்புடு. முட்டைய அவ கையால வெக்கட்டும். போன ரெண்டு தடவையும் நீ வெச்சது கூமுட்டையாப் போச்சு."

அனுசுயா, சாமிதுரையின் தம்பி பெண்டாட்டி. பக்கத்து வீடு. அவள் கை ராசியான கை என்று தெருவே பேசும். தனத்துக்கு வயிறு எரிந்தது. போன தடவை இடி இடித்து முட்டை கெட்டதற்குத் தன் கை என்ன பண்ணும்?

அனுசுயா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். கூடை மணலில் இடிக்குக் காப்பாகக் கரித்துண்டும் மிளகாயும் போட்டு, பதிமூன்று முட்டைகளை அடுக்கினாள். "எல்லாம் பொரிச்சுடும்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பைத்தான் தனத்தால் சீரணிக்க முடியவில்லை.

அவள் வாசல் தாண்டினாளோ இல்லையோ, தனம் முட்டை அத்தனையையும் வெளியே எடுத்தாள். மணலைக் கொட்டிவிட்டுப் புது மணல் பரப்பி, ஒவ்வொன்றாகத் தன் கையால் வைத்தாள். பொரித்த அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம் இருபத்தோரு நாள் அவள் பட்ட பாடு கொஞ்சமா? முட்டை கெட்டால் அனுசுயா பேர் கெடும், நல்லதுதான். ஆனால் வைத்தது தன் கையாயிற்றே, அது விளங்காத கை என்று தனக்கே தெரிந்துபோகுமே. பொரிக்கட்டும் என்று மாரியாத்தாளை வேண்டுவாள். அனுசுயா எதிரே வந்தால் கெட்டே போகட்டும் என்று தோன்றும். கருப்பி இரைக்கு இறங்கினால் பக்கத்திலேயே நின்று, சீக்கிரம் போய் உக்காருடி என்று விரட்டுவாள்.

பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. சாமிதுரை தம்பி வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தான். அனுசுயா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, கைன்னா உன் கைதாம்மா. அடுத்த அடையும் நீதான் வெக்கணும்" என்றான் சாமிதுரை.

தனத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அவ ஒண்ணும் வெக்கல. அவ போனதும் எல்லாத்தையும் எடுத்துட்டு நான்தான் திரும்ப வெச்சேன்" என்றாள்.

அனுசுயாவின் முகம் சுண்டிப்போனது. சாமிதுரை அசரவில்லை. "இருந்தா என்ன, மொதல்ல அவ கை பட்ட முட்டைதானே."

"அப்ப அந்த ஒண்ணு ஏன் பொரிக்கல?" என்று கேட்டாள் தனம், ஆளை மடக்கிவிட்ட நினைப்பில்.

"அதான் நீ எடுத்து வெச்சுட்டியே" என்றான் அவன்.