கை நுழையும் இடம்

பாய்லர் பீடத்தில் இறங்கியதும் இளைய மகள் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தாள். நேராகத்தான் நின்றது. மனம் கேட்காமல் மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். அப்பா இல்லாமல் அவள் தனியாகப் பொருத்தும் முதல் பாய்லர். அதற்குப் பிறகுதான் சலவைக்கூடத்திலிருந்து தெருவைக் கடந்து வீட்டுக்கு ஓடினாள். அப்பாவுக்கு இன்று தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அப்பாவின் காது மட்டும் எதிர்ப்பக்கக் கிரேன் சத்தத்தில் இருந்தது.

"உக்காந்துடுச்சா?"

"உக்காந்துடுச்சுப்பா. குண்டு விட்டுப் பாத்துட்டேன்."

"நீ பாக்காம இருப்பியா, சந்தேகம் புடிச்ச கழுதை." சிரிக்கப் பார்த்தார், இருமல் முந்திக்கொண்டது. "அடியில கை போற ஓட்டை எந்தப் பக்கம்?"

அடியில் தங்கும் சேற்றை வாரி எடுக்கிற ஓட்டை அது. வாராமல் விட்டால் தகடு கருகி ஓட்டையாகிவிடும். அடுப்பு வாசலையும் நேரையுமே பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த ஓட்டை கை நுழையாதபடி மூலைச் சுவரை ஒட்டி வர, பாய்லரை நிறுத்திவிட்டிருந்தாள். வெளிப்பக்கம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம்.

"சுவத்துப் பக்கம்," என்றாள்.

"கிரேன் போயிடுச்சா?"

"சங்கிலிய அவுக்கிறாங்க. ஆனா நான் இங்க..."

"இங்க நான் பாத்துக்கறேன். நீ போய்த் திருப்பி வை."

"இந்த நேரத்துலயும் வேலைதானா? அவ இருக்கட்டும்," என்றாள் அம்மா.

"நான் எங்கடி ஓடப்போறேன்?"

அம்மா தண்ணீர் டம்ளரைச் சற்று நகர்த்தி வைத்தாள். பிறகு, "போயிட்டு வா," என்றாள்.

கிரேன்காரர் முணுமுணுத்தார். "இதென்ன பம்பரமா பாப்பா, சுத்திச் சுத்தி விளையாட?" ஆனாலும் சங்கிலியை மாட்டினார். பாய்லர் ஒரு சாண் எழும்பி, மெல்லத் திரும்பி, உட்கார்ந்தது. இந்த முறை குண்டை ஒரு தரம்தான் விட்டாள். ஓட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். எங்கும் இடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மறுபடி சத்தம் கேட்டுச்சு. 'தூக்கிட்டா'ன்னாரு. கொஞ்சம் கழிச்சு 'எறக்கிட்டா'ன்னாரு. சிரிச்ச மாதிரி இருந்தது. அவ்ளோதான்."

இளையவள் தலையசைத்தாள்.

"கை நல்லா போகுதா?" என்று கேட்டாள் அம்மா.

"போகுதும்மா."

போர்வை விலகி, அவர் பாதங்கள் வெளியே தெரிந்தன. தொட்டுப் பார்த்தாள். இன்னும் கதகதப்பாக இருந்தன. போர்வையை இழுத்து, இடுக்கில்லாமல் சுற்றிலும் செருகிவிட்டாள்.